லொக் கோப்பின் வடிவம் மாறினால் பேக்கப் ஏன் திரும்பி வருவதில்லை

கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ செட்டிகுளத்திலோ ஒரு மருந்துக்கடைக்குள் போனால், பில் போடும் கொம்பியூட்டருக்குள் ஒரு தரவுத்தளம் ஓடிக்கொண்டிருக்கும். அரிசி ஆலை, உரக்கடை, கூட்டுறவுச் சங்கம், தனியார் கல்வி நிலையம் என்று பல இடங்களில் இதே ஏற்பாடுதான். சொஃப்ட்வெயார் எழுதிக் கொடுத்தவர் விண்டோஸில் எக்ஸாம்ப் என்ற பொதியை (தரவுத்தளமும் இணையச் சேர்வரும் ஒன்றாக வரும்) நிறுவி, வாடிக்கையாளர் கடன் முதல் நெல் கொள்வனவு வரை எல்லாவற்றையும் அதற்குள் வைத்திருப்பார். கொஞ்சம் பெரிய இடமென்றால் லினக்ஸ் வகையான உபுண்டுவில் ஓடும் சேர்வர். “பேக்கப் எடுக்கிறீர்களா?” என்று கேட்டால் “ஓம், ஒவ்வொரு நாளும் எடுபடுகிறது” என்பார்கள். உண்மைதான், எடுபடுகிறது. எடுத்தது திரும்பி வருமா என்பது வேறு கேள்வி. தரவுத்தளத்தின் பதிப்பு மாறிய பிறகு அந்தக் கேள்விக்கு விடை சொல்வது பெரும்பாலும் தரவுத்தளம் தன் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் லொக் கோப்புதான்.

முதலில் எந்த லொக்கைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக்கிவிடுவோம். பிழைகளை எழுதி வைக்கும் எரர் லொக் ஒன்று உண்டு, அது வாசிப்பதற்கான வெறும் உரை. நகல் சேர்வர்களுக்கு மாற்றங்களை அனுப்பப் பாவிக்கும் பைனரி லொக் இன்னொன்று. நாம் பேசப்போவது மூன்றாவதைப் பற்றி: மைஎஸ்கியூஎல், மரியாடிபி என்ற இரண்டு தரவுத்தள சொஃப்ட்வெயார்களிலும், தரவைச் சேமிக்கும் உட்பகுதியான இன்னோடிபி வைத்திருக்கும் ரீடூ லொக். வணிகக்கல்வி படித்தவர்களுக்கு இது புதிதல்ல. கொடுக்கல் வாங்கல் முதலில் நாளேட்டில் பதியப்படும், ஆறுதலாகப் பேரேட்டுக்கு மாற்றப்படும். ரீடூ லொக்தான் நாளேடு, அட்டவணைகள் இருக்கும் கோப்புகள்தான் பேரேடு. ஒரு பில்லைச் சேமித்தவுடன் அது லொக்கில் எழுதப்பட்டுவிடும். அட்டவணைக் கோப்புக்குப் போய்ச் சேர நேரமெடுக்கலாம். இடையில் கரண்ட் போனாலும், மறுபடி தொடங்கும்போது லொக்கை வாசித்து விட்ட இடத்திலிருந்து சரிசெய்துகொள்ளும்.

இந்த லொக் முடிவில்லாமல் நீள்வதில்லை. குறித்த ஓர் அளவுக்குள் சுற்றிச் சுற்றி எழுதப்படும். நீண்ட காலமாக ஐபி_லொக்ஃபைல்0, ஐபி_லொக்ஃபைல்1 என்ற இரண்டு கோப்புகள், மைஎஸ்கியூஎல்லில் இயல்பாக ஒவ்வொன்றும் 48 எம்பி. ஒவ்வொரு பதிவுக்கும் எல்எஸ்என் எனப்படும் தொடர் இலக்கம் உண்டு. இந்த இலக்கம் வரைக்கும் எல்லாம் அட்டவணைக் கோப்புகளுக்குப் போய்விட்டது என்று குறித்து வைக்கும் இடத்துக்குச் செக்பொயின்ட் என்று பெயர். அதற்கு முந்திய பதிவுகளின் மேல் புதியன எழுதப்படும்.

இனி பேக்கப் கருவிகளுக்கு வருவோம். பெர்கோனா நிறுவனத்தின் எக்ஸ்ட்ராபேக்கப், மரியாடிபியின் மரியாபேக்கப் போன்றவை சேர்வரை நிறுத்தாமலே கோப்புகளை நகலெடுக்கின்றன. கடையில் வியாபாரம் நடந்துகொண்டிருக்க, ஒரு கோப்பு 10 மணிக்கும் இன்னொன்று 10.20க்கும் நகலாகும். அப்படி எடுத்த நகல் ஒன்றோடொன்று பொருந்தாது. அதனால் கருவி செக்பொயின்டிலிருந்து தொடங்கி, நகலெடுப்பு முடியும் வரை லொக்கையும் பக்கத்தில் நின்று வாசித்துத் தனியாகச் சேமிக்கிறது. பிறகு ‘பிரிப்பேர்’ என்ற கட்டத்தில் அந்த லொக்கை நகல்கள் மேல் ஓட்டி, எல்லாவற்றையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவருகிறது. இந்த வேலையைச் செய்ய எக்ஸ்ட்ராபேக்கப்புக்குள் இன்னோடிபியின் ஒரு பிரதியே அடங்கியிருக்கிறது.

சிக்கல் முளைப்பது இங்கேதான். லொக் கோப்பின் வடிவம் இன்னோடிபியின் உள்வீட்டு விஷயம். தரவுத்தளத்தோடு பேசப் பாவிக்கும் எஸ்கியூஎல் கட்டளைகள் மாறினால் உலகம் முழுவதும் சொஃப்ட்வெயார்கள் உடையும் என்பதால் அதை மாற்றப் பயப்படுவார்கள். லொக்கை வேகமாக்கவோ, சிறிதாக்கவோ, பாதுகாப்பாக்கவோ வேண்டுமென்றால் தயங்காமல் மாற்றுவார்கள், அது அவர்களுடைய உரிமை. மாறிய அன்று, பழைய இன்னோடிபியை வயிற்றில் வைத்திருக்கும் கருவிக்குப் புதிய லொக் விளங்காது. ஆகவே சேர்வரையும் பேக்கப் கருவியையும் இரண்டு தனித்தனிப் பொருட்களாக நினைக்கக் கூடாது. அவை ஒரு சோடி.

மைஎஸ்கியூஎல் பக்கம் நடந்தவற்றைப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். 2015இல் வந்த 5.7இல் லொக்கின் தலைப்பில் வடிவ இலக்கம் சேர்க்கப்பட்டது. அட்டவணையில் தேடலை வேகமாக்கும் சுட்டிகளைக் கட்டும்போது வேகத்துக்காக லொக்கில் எழுதாமலே செய்யும் முறையும் அதில் வந்தது. லொக்கை மட்டுமே நம்பியிருக்கும் பேக்கப் கருவிக்கு இது கண்ணைக் கட்டிவிட்டது மாதிரி. பேக்கப் ஓடும்போது யாராவது அட்டவணையின் அமைப்பை மாற்றினால், எக்ஸ்ட்ராபேக்கப் ‘ஒத்திசைவான நகல் எடுக்க முடியாது, மறுபடி முயலவும்’ என்று சொல்லி நின்றுவிடும். 2018இன் 8.0இல் அட்டவணைகளின் அமைப்பை விபரிக்கும் தரவு அகராதி, ரீடூ லொக், மாற்றங்களைத் திருப்பி எடுக்க உதவும் அன்டூ லொக் மூன்றுமே மாறின. அதனால் எக்ஸ்ட்ராபேக்கப் 2.4 அதைத் தொடவே முடியாமல் போய், 8.0க்கென்று தனி வரிசை வந்தது.

இவை பெரிய பதிப்பு மாற்றங்கள், யாரும் கொஞ்சம் கவனமாகத்தான் இருப்பார்கள். ஆபத்து சின்ன இலக்க மாற்றங்களில் வந்தது. 2022 ஏப்ரலில் வெளியான 8.0.29, அட்டவணையின் எந்த இடத்திலும் புதிய நிரலை (செங்குத்துப் பத்தியை) உடனடியாகச் சேர்க்கவும் நீக்கவும் வழி செய்தது. பெரிய அட்டவணையை முழுவதும் திரும்ப எழுதத் தேவையில்லை, நல்ல வசதி. ஆனால் ஒரே அட்டவணைக்குள் வரிசைகள் வெவ்வேறு அமைப்புகளில் இருக்கப்போவதால், அவற்றைப் பற்றி லொக்கில் எழுதும் முறையும் மாறியது. எக்ஸ்ட்ராபேக்கப் 8.0.29 அப்படி மாற்றப்பட்ட அட்டவணைகளைக் கண்டால் பேக்கப் எடுக்க மறுத்தது. அவற்றின் பெயர்களைப் பட்டியலிட்டு, ‘ஒப்டிமைஸ் டேபிள்’ கட்டளையால் திரும்ப எழுதிவிட்டு வா என்றது. ஆதரவு வந்தது 8.0.32-25 பதிப்பில்தான். தரவைச் சேர்வரே சரியாக வாசிக்காமல் போகக்கூடிய ஒரு கடுமையான வழு காரணமாக, மைஎஸ்கியூஎல்லை வெளியிடும் ஆரக்கிள் நிறுவனமும் 8.0.29ஐத் தரவிறக்கத்திலிருந்து எடுத்துவிட்டது.

மூன்று மாதம் கழித்து வந்த 8.0.30 கோப்புகளின் இருப்பிடத்தையே மாற்றியது. இரண்டு லொக் கோப்புகள் போய், தரவுக் கோப்புறைக்குள் ஹாஷ் (#) குறியோடு தொடங்கும் ‘இன்னோடிபி_ரீடூ’ என்ற புதிய கோப்புறையும், அதற்குள் 32 சின்னக் கோப்புகளும் வந்தன. மொத்த அளவைத் தீர்மானிக்க ரீடூ லொக் கொள்ளளவு என்ற புதிய அமைப்பு வந்தது. எதையும் குறிப்பிடாவிட்டால் அது 100 எம்பி. பழைய கோப்புப் பெயர்களை எழுதி வைத்து, சேர்வரை நிறுத்திவிட்டு நகலெடுக்கும் ஸ்கிரிப்ட்கள் இங்கே பல இடங்களில் உண்டு. அவை இந்தக் கோப்புறையை எடுக்காமலே விட்டுவிடும். லினக்ஸில் தரவுக் கோப்புறைக்குள் போய் நின்றுகொண்டு மேற்கோள் குறி இல்லாமல் அந்தப் பெயரை எழுதினால், ஹாஷுக்குப் பின்னால் வரும் எல்லாவற்றையும், கட்டளைகளை வாசித்து ஓட்டும் ஷெல் வெறும் குறிப்பாக எண்ணித் தள்ளிவிடும். ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

இந்த மாற்றங்கள் நம் ஊர் சேர்வர்களுக்குள் எப்படி வருகின்றன என்பதையும் பார்க்கவேண்டும். உபுண்டு சேர்வரில் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் தானாக நிறுவப்படும், அது இயல்பான அமைப்பு. மைஎஸ்கியூஎல்லின் புதிய சின்னப் பதிப்புகளை உபுண்டு பாதுகாப்பு வழியாகவே அனுப்புகிறது. எக்ஸ்ட்ராபேக்கப் வருவதோ பெர்கோனாவின் களஞ்சியத்திலிருந்து. தானியங்கி இற்றைப்படுத்தல் இயல்பாக அந்தப் பக்கம் போகாது. ஆகவே இரவு சேர்வர் ஒரு படி முன்னேறும், கருவி பழைய இடத்திலேயே நிற்கும். அடுத்த இரவு பேக்கப் தோற்கும். சேர்வர் தன்னைவிடப் புதியதாக இருந்தால் எக்ஸ்ட்ராபேக்கப் நேர்மையாகப் பிழை சொல்லி நிற்கிறது, அது நல்ல குணம். அந்தப் பிழையை யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் பிரச்சினை. வவுனியாவில் இருக்கும் நுட்பவியலாளர் ஒட்டுசுட்டானிலுள்ள ஒரு சேர்வரின் பேக்கப் லொக்கை நினைத்தபோது வந்து திறந்து பார்க்க மாட்டார். பதிப்புச் சோதனையைத் தவிர்க்க ஒரு தெரிவும் கருவியில் இருக்கிறது. அதைத் தினசரி ஸ்கிரிப்டில் போட்டு வைப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அது பிழையைத் தீர்ப்பதில்லை, பிழைச் செய்தியைத்தான் அடக்குகிறது.

மரியாடிபியின் கதை வேறு பாதையில் போனது. எக்ஸ்ட்ராபேக்கப்பிலிருந்து பிரித்தெடுத்து மரியாபேக்கப் உருவானதே, மரியாடிபி 10.1இல் வந்த குறியாக்கத்தையும் சுருக்கத்தையும் பழைய கருவியால் கையாள முடியாமல் போனதால்தான். 10.3 முதல் எக்ஸ்ட்ராபேக்கப்புக்கு அங்கே இடமே இல்லை. 2020இன் 10.5 லொக் பதிவுகளின் வடிவத்தையே மாற்றி, கோப்புகளையும் ஒன்றாகக் குறைத்தது. 2022இன் 10.8 மறுபடி மாற்றியது: 512 பைட் கட்டங்களாக எழுதும் பழைய முறையை விட்டு, எழுதும் சுமையைக் குறைக்கும் புதிய அடுக்குமுறைக்குப் போனது. ஒவ்வொன்றும் தொழில்நுட்ப ரீதியில் நியாயமான முன்னேற்றம். பேக்கப் எடுப்பவருக்குச் சொல்லும் செய்தி ஒன்றே: சேர்வரோடு வந்த அதே பதிப்பு மரியாபேக்கப்பைத்தான் பாவிக்கவேண்டும்.

எக்ஸாம்ப் பாவிக்கும் கடைகள் இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் கட்டுப்பாட்டுப் பலகையில் மைஎஸ்கியூஎல் என்று எழுதியிருந்தாலும், 2015 முதல் உள்ளே இருப்பது மரியாடிபி. பிந்திய வெளியீடுகளில் 10.4 வரிசை. அந்த வரிசைக்கான ஆதரவு 2024 ஜூனில் முடிந்துவிட்டது. “எங்களிடம் இருப்பது மைஎஸ்கியூஎல்தானே” என்று நினைத்து, அதன் தரவுக் கோப்புறையை மைஎஸ்கியூஎல் 8.0க்குள் போட்டால் திறக்காது.

மின்வெட்டும் மேம்படுத்தலும் சேர்ந்து வரும்போது என்ன நடக்கிறது என்பதுதான் வன்னிக்கு மிக நெருக்கமான பகுதி. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் வெட்டப்பட்டதை எல்லோரும் அனுபவித்தோம். அந்தக் காலம் போனாலும், காலபோக மழையோடு இடி முழங்கும் மாதங்களில் கரண்ட் வந்து போவது இங்கே வழமைதான். கடைகளில் யூபிஎஸ் இருந்தாலும் பற்றரி செத்துக் கிடக்கும். அதனால் நம் தரவுத்தளங்கள் ஒழுங்காக மூடப்படுவதைவிட அறுந்து நிற்பதே அதிகம். அறுந்து நிற்கும்போது நாளேட்டில் இருந்து பேரேட்டுக்குப் போகாத பதிவுகள் லொக்கில் இருக்கும். அதே பதிப்பில் மறுபடி தொடக்கினால் பெரும்பாலும் தானே சீராகிவிடும்.

அதே பதிப்பில் தொடக்காவிட்டால்தான் வில்லங்கம். கொம்பியூட்டர் பழுதாகிவிட்டது, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி தரவுக் கோப்புறையை மீட்டாயிற்று, புதிய கொம்பியூட்டரில் புதிய மரியாடிபியைப் போட்டு அந்தக் கோப்புறையை உள்ளே வைத்துத் தொடக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சேர்வர் ஏற மறுக்கும். பிழைக் கோப்பைத் திறந்தால், ‘இந்த ரீடூ லொக் இன்ன பதிப்பில் உருவாக்கப்பட்டது, அறுந்து நின்ற நிலையிலிருந்து மேம்படுத்த ஆதரவில்லை’ என்று இருக்கும். மைஎஸ்கியூஎல் 5.7இலிருந்து 8.0க்குப் போனாலும் இதே செய்திதான். புதிய சேர்வருக்குப் பழைய அட்டவணைகள் விளங்கும், பழைய லொக் விளங்காது. அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் தொடங்குவது தரவைக் கெடுக்கும் என்பதால் நின்றுவிடுகிறது.

இந்த இடத்தில் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும் ஆலோசனை ஒன்று இருக்கிறது: லொக் கோப்புகளை அழித்துவிடு, தானாகப் புதிதாக உருவாகும். தயவுசெய்து செய்யவேண்டாம். ஒழுங்காக மூடப்பட்ட தரவுத்தளத்தில் லொக் காலியாக இருப்பதால் பழைய பதிப்புகளில் அது தாங்கியது. அறுந்து நின்ற தரவுத்தளத்தில் லொக்கை அழித்தால், கடைசியாகச் சேமித்த பில்களும் அரைகுறையாக எழுதப்பட்ட பக்கங்களைச் சரிசெய்யும் வழியும் சேர்ந்தே போய்விடும். சேர்வர் ஏறக்கூடும், கணக்கும் சரிபோலத் தெரியக்கூடும். பழுது பல நாள் கழித்து வேறொரு அட்டவணையில் வெளிப்படும். தரவுத்தளத்தின் பெயரிலுள்ள ஒரு கோப்புறையை மட்டும் நகலெடுத்து, இன்னோடிபியின் பொதுக் கோப்பான ஐபிடேட்டா1ஐ விட்டுவிடுவதும் இதே வகை. அட்டவணைப் பெயர்கள் தெரியும், திறந்தால் 1932 என்ற இலக்கத்தோடு ‘எஞ்சினில் இந்த அட்டவணை இல்லை’ என்று வரும்.

சரியான வழி சற்று நீளம். மீட்ட கோப்புறையை முழுதாக இன்னோர் இடத்தில் நகலெடுத்து வைத்துவிட்டு, பழைய சேர்வரின் அதே பதிப்பைத் தேடி நிறுவவேண்டும். பதிப்பு தெரியாவிட்டால் தரவுக் கோப்புறையிலுள்ள பழைய பிழைக் கோப்பில் ஒவ்வொரு தொடக்கத்தின்போதும் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பதிப்பில் கோப்புறையை வைத்துத் தொடக்கினால் லொக் ஓடித் தரவு சீராகும். பிறகு அங்கிருந்து முழுவதையும் எஸ்கியூஎல் உரையாக (தரவைத் திரும்ப உருவாக்கும் கட்டளைகளாக) ஏற்றுமதி செய்து, புதிய சேர்வருக்குள் இறக்கவேண்டும். இதனால்தான், தாங்கள் பாவிக்கும் தரவுத்தளத்தின் நிறுவல் கோப்பையும் பேக்கப்போடு ஒன்றாக வைத்திருக்கும்படி நான் எல்லோரிடமும் கேட்பது. சில நூறு எம்பிதான். முல்லைத்தீவுக் கரையில் சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில், பழைய பதிப்பைத் தேடித் தரவிறக்கும் வேலை அந்த நேரத்தில் வாய்க்கக் கூடாது.

நகலெடுப்பின் வேகமும் இதோடு சம்பந்தப்பட்டது. லொக் சுற்றி எழுதப்படுவதால், கருவி வாசிப்பதற்கு முன்பே சேர்வர் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டால் அந்தப் பேக்கப் தோற்றுப்போகும். அறுவடைக் காலத்தில் நெல் கொள்வனவுப் பதிவுகள் குவியும்போது, மெதுவான யூஎஸ்பி டிஸ்க்குக்குப் பேக்கப் எடுத்தால் இது நடக்கும். 8.0.30இலிருந்து எக்ஸ்ட்ராபேக்கப் தன்னை லொக்கின் வாசகராகச் சேர்வரிடம் பதிவு செய்துகொள்ளலாம். அது வாசிக்காத கோப்பைச் சேர்வர் நீக்காது, தேவைப்பட்டால் எழுதுவதையே தாமதிக்கும். பில் போடும் வரிசை நிற்பதைவிட, இரவில் பேக்கப் எடுத்து லொக் கொள்ளளவைக் கூட்டி வைப்பதே சின்ன இடங்களுக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம்.

போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தைப் பாவிப்பவர்கள் இங்கே குறைவு, ஆனாலும் சுருக்கமாகச் சொல்கிறேன். 2017இல் வந்த 10ஆம் பதிப்பு, லொக் இருக்கும் பிஜி_எக்ஸ்லொக் என்ற கோப்புறையை பிஜி_வால் என்று மாற்றியது. அதோடு தொடர்புடைய கட்டளைகளின் பெயர்களும் மாறின. 12இல், மீட்பு அமைப்புகளை எழுதி வைக்கும் ரிகவரி கொன்ஃப் என்ற கோப்பு நீங்கியது. 15இல் பேக்கப் தொடக்கும் நிறுத்தும் செயல்களின் பெயர்களும் மாறின. ஒவ்வொரு தடவையும் கையால் எழுதிய ஸ்கிரிப்ட்கள்தான் முதலில் விழுந்தன. பிஜிபேக்ரெஸ்ட், பார்மன் போன்ற பராமரிக்கப்படும் கருவிகளைப் பாவித்தவர்கள் கருவியை மேம்படுத்திக்கொண்டு தப்பினார்கள்.

இவ்வளவையும் பார்த்தால், ஒரு கடைக்கோ சங்கத்துக்கோ அடிப்படைப் பேக்கப்பாக எஸ்கியூஎல் உரை ஏற்றுமதியையே நான் சொல்வேன். அது ரீடூ லொக்கைத் தொடுவதில்லை, வடிவம் எத்தனை தடவை மாறினாலும் பாதிக்காது. சில நூறு எம்பி தரவுக்கு ஒரு சில நிமிடங்கள் போதும். தரவு பல பத்து ஜிபியாக வளர்ந்த இடங்களில் திரும்ப இறக்க மணிக்கணக்காகும். அங்கேதான் கோப்புநகல் கருவிகள் தேவைப்படுகின்றன.

உரை ஏற்றுமதியும் முழுக்கச் சிக்கலற்றது அல்ல. 2024 மேயில் வந்த மரியாடிபி வெளியீடுகள், பாதுகாப்புக்காக ஏற்றுமதிக் கோப்பின் முதல் வரியில் ‘சாண்ட்பொக்ஸ்’ கட்டளை ஒன்றைச் சேர்த்தன. அதைப் பழைய மைஎஸ்கியூஎல் சொஃப்ட்வெயாரால் இறக்கினால் முதல் வரியிலேயே பிழை. அந்த வரியை நீக்கினாலோ, புதிய சொஃப்ட்வெயாரைப் பாவித்தாலோ சரி. எழுத்துகளை ஒப்பிட்டு அடுக்கும் மைஎஸ்கியூஎல் 8.0இன் இயல்பான வரிசைப்படுத்தல் முறையைப் பழைய மரியாடிபி அறியாது. சேமிக்கப்பட்ட செயல்முறைகள், நேர நிகழ்வுகள் இரண்டும் தனித் தெரிவு கொடுத்தால்தான் ஏற்றுமதியாகும். அத்தோடு நமக்கு மட்டுமேயான ஒரு சோதனை: இறக்கிய பிறகு தமிழில் பதிந்த பெயர்களைத் திறந்து பாருங்கள். எழுத்துக்குறி அமைப்புத் தவறினால் இலக்கங்கள் எல்லாம் சரியாக இருக்க, பெயர்கள் மட்டும் கேள்விக்குறிகளாக நிற்கும்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், பதிவுகள் இல்லாமல் போவது என்னவென்று வன்னிச் சனத்துக்கு விளக்கத் தேவையில்லை. 2009க்குப் பிறகு காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் என்று ஒவ்வொன்றையும் திரும்ப எடுக்க எத்தனை கதவுகளைத் தட்டினார்கள் என்பது வீட்டுக்கு வீடு தெரியும். இன்று ஓர் உழவர் சங்கத்தின் கடன் விபரமும், ஒரு கல்வி நிலையத்தின் பிள்ளைகளின் பதிவும் ஒரே ஒரு கோப்புறைக்குள் இருக்கின்றன. கிளிநொச்சி அறிவியல் நகரிலும் வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் தகவல் தொழில்நுட்பம் படித்து வருகிற பிள்ளைகள் ஊருக்குள் இருக்கிறார்கள். மாதத்துக்கு ஒரு தடவை ஒரு பேக்கப்பை வேறு கொம்பியூட்டரில் இறக்கிப் பார்க்கும் வேலையை அவர்களிடம் கொடுக்கலாம், கூலியும் கொடுக்கவேண்டும்.

கையில் மைஎஸ்கியூஎல் 8.0 இருப்பவர்களுக்கு அதன் ஆதரவுக் காலத்தின் எல்லை 2026 ஏப்ரல், அடுத்து 8.4. போகும்போது வரிசை முக்கியம். பழைய சேர்வர் ஓடும்போதே பழைய கருவியால் ஒரு முழுப் பேக்கப்பும், கூடவே ஓர் உரை ஏற்றுமதியும் எடுங்கள். இரண்டையும் வேறிடத்தில் இறக்கிப் பாருங்கள். கரண்ட் நிலையாக இருக்கும் நேரம் பார்த்து, யூபிஎஸ் பற்றரியைச் சோதித்துவிட்டு, சேர்வரை ஒழுங்காக மூடுங்கள். பிழைக் கோப்பில் மூடல் முழுமையானது என்ற வரி வந்த பிறகே மேம்படுத்துங்கள். எக்ஸ்ட்ராபேக்கப்பின் 8.0 பதிப்பு 8.4 சேர்வரை ஏற்காது, கருவியும் 8.4க்கு மாறவேண்டும். பேக்கப்புக்கென்று வைத்திருக்கும் பயனர் கணக்கு பழைய ‘நேட்டிவ் பாஸ்வேர்ட்’ முறையில் இருந்தால், 8.4இல் அது இயல்பாக முடக்கப்பட்டிருப்பதால் உள்நுழையவே முடியாது. அதையும் முன்கூட்டியே மாற்றி வையுங்கள். பழைய முழுப் பேக்கப்பின் மேல் புதிய சேர்வரின் அதிகரிப்புப் பேக்கப்பை (மாறியதை மட்டும் எடுப்பது) அடுக்க முடியாது. ஆகவே மேம்படுத்திய அன்று இரவே புதிய கருவியால் முழுப் பேக்கப் ஒன்று எடுத்து, கோப்புறையின் பெயரில் திகதியோடு சேர்வர் பதிப்பையும் கருவிப் பதிப்பையும் எழுதி வையுங்கள்.